மகன்கள் மேடைக்கு வந்த அப்பா

“நீங்க மிருதங்க மாஸ்டர் மகள்தானே?”

கிள்ளானில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். வானொலியில் பத்து ஆண்டுகளாகப் பேசுகிறேன். என் குரலைத் தினமும் கேட்பவர்கள்கூட அப்பாவின் பெயரைச் சொன்ன பிறகுதான் முகம் மலர்வார்கள். பதினைந்து வயதில் மிருதங்கத்தை உறைக்குள் போட்டு மூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்ற மாதம், தந்தையர் தின நிகழ்ச்சிக்காக இசைக் குடும்பங்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயரில் கை நின்றுவிட்டது. ரேண்டி ஸ்க்ரக்ஸ். அமெரிக்க கித்தார் கலைஞர்.

அவருடைய அப்பா ஏர்ல் ஸ்க்ரக்ஸ், 1924-இல் வட கரோலினாவில் பிறந்தவர். பேஞ்சோ என்ற ஐந்து தந்தி வாத்தியத்தைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் சுழற்றி வாசித்து, அந்தப் பாணியை நாடு முழுக்கப் பரப்பியவர். 1945 இறுதியில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் பெயரிலிருந்துதான் ‘புளூகிராஸ்’ என்று ஓர் இசை வகைக்கே பெயர் வந்தது. பிறகு லெஸ்டர் ஃபிளாட்டுடன் கூட்டுச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கொடிகட்டிப் பறந்தார். ‘பானி அண்ட் கிளைட்’ படத்தில் கார்கள் துரத்தும்போது ஒலிக்கும் அந்த வேகமான பேஞ்சோ அவருடையதுதான். 1949-இல் பதிவான ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’.

இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்தால் என்ன செய்வது? அவரைப் போலவே வாசித்தால் காலமெல்லாம் ஒப்பிடுவார்கள். விட்டுவிட்டால் “வீணாக்கிட்டியே” என்பார்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வீட்டில் நடந்ததோ வேறு.

1969-இல் ஏர்லும் ஃபிளாட்டும் பிரிந்தார்கள். ஃபிளாட்டுக்குப் பழைய பாணிதான் பிடித்தது. ஏர்லுக்கோ மகன்கள் வாசிக்கும் புதிய இசைமேல் ஆசை. மூத்தவர் கேரிக்கு இருபது வயது. ரேண்டிக்குப் பதினாறு. நாற்பத்தைந்து வயதில், புகழின் உச்சியில் இருந்த கூட்டணியை விட்டுவிட்டு, அப்பா பிள்ளைகளோடு புதுக் குழு தொடங்கினார். ‘ஏர்ல் ஸ்க்ரக்ஸ் ரெவ்யூ’. பேஞ்சோவுக்குப் பக்கத்தில் மின்கித்தார், டிரம்ஸ். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் பல்கலைக்கழக இறுதியாண்டு நினைவுக்கு வந்தது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு கலப்பிசை நிகழ்ச்சி நடத்தினோம். அப்பா கொமுட்டர் ரயில் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் கேட்டார்: “அந்த மூணாவது பாட்டுல தாளம் எப்படிம்மா கணக்கு?”

“அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா” என்றேன். குறை சொல்ல வருகிறார் என்று நினைத்துவிட்டேன். அதன் பிறகு என் இசை விஷயத்தில் அவர் எதுவும் கேட்டதில்லை.

ரேண்டியின் கதைக்கு வருகிறேன். 1972-இல் வெளிவந்த ‘வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்’ இசைத்தொகுப்பு, பழம்பெரும் கலைஞர்களையும் நீளமுடி வைத்த இளைஞர்களையும் ஒன்றாக உட்கார வைத்தது. மூன்று தட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பின் கடைசிப் பாடலில் தனியாகக் கித்தார் வாசிப்பது, அப்போது பதின்ம வயதில் இருந்த ரேண்டி. 1989-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது தயாரிப்பாளரே அவர்தான். அது அமெரிக்க நாட்டுப்புற இசைச் சங்கத்தின் அவ்வாண்டுச் சிறந்த இசைத்தொகுப்பானது. அதே சங்கத்தின் சிறந்த வாத்தியக் கலைஞர் விருதை 1999, 2003, 2006 என மூன்று முறை வாங்கினார். ஆனாலும் பெரும்பாலும் மற்றவர்களின் பாட்டுக்குப் பின்னால்தான் நின்றார்.

2001-இல் அப்பாவின் இசைத்தொகுப்பையும் அவரே தயாரித்தார். ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ மீண்டும் பதிவானது. இம்முறை கேரியும் ரேண்டியும் உடன் வாசித்தார்கள். மறு ஆண்டு அதற்குக் கிராமி விருது. அப்பா 2012-இல் மறைந்தார். மகன் 2018-இல், 64 வயதில். ஒரு காலத்தில் பிள்ளைகளின் இசையைத் தேடி அப்பா வந்தார். பிறகு அப்பாவின் இசையை மகன் பதிவு செய்துகொடுத்தார். யார் நிழலில் யார் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். மாலைத் தேநீரின்போது அந்தப் பேஞ்சோவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன்.

“இது தோல் கருவியா, தந்திக் கருவியா?”

“ரெண்டும்ப்பா. தோலுக்கு மேல தந்தி.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் மேசையில் ஓடின. “தகிட தகிட தக. மூணு, மூணு, ரெண்டு. எட்டை எப்படி உடைக்கிறாரு பாரு!”

அப்புறம் என் பழைய நிகழ்ச்சிப் பதிவைத் தேடி எடுத்தேன். மூன்றாவது பாட்டு. “இது எப்படிக் கணக்குன்னு அன்னைக்குக் கேட்டீங்களேப்பா...”

“ஏழுதானே? அன்னைக்கே எண்ணிட்டேன். சரியான்னு உங்கிட்ட கேட்கலாம்னுதான்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ஏழு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.