பழைய இயந்திரமும் புதிய ரிஹால்களும்

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களைச் சுமந்துவரும் பைன் மரப்பெட்டிகள், பின்னர் பழைய மரக்கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் மக்தப் பிள்ளைகளுக்கு ரிஹால் செய்ய முனைந்தோம். உப்புத்தாள் கொண்டு கையால் தேய்த்தால் ஒன்றுக்கே அரை நாள் ஆயிற்று. ஆகவே, மூடப்பட்ட ஒரு மரப்பட்டறையின் பழைய பெல்ட் சாண்டரை வாங்கினோம். வார்ப்பிரும்பு உடல், தூக்க நால்வர் வேண்டும்.

உருளையின் பேரிங் தேய்ந்திருப்பதை விற்றவர் தாமே ஓட்டிக் காட்டி, விலையையும் குறைத்தார். குறை மறைக்கப்பட்டிருந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்குபவருக்கு ஃபிக்ஹு வழங்குகிறது. அப்பேச்சுக்கே அவர் இடம் வைக்கவில்லை. பேரிங்கையும், மும்முனை மின்சாரம் நம்மிடம் இல்லாததால் மோட்டாரையும் மாற்றினோம்.

பெட்டியின் முத்திரையைப் பார்த்தே மரம் எடுக்கிறோம். 'எச்.டி.' என்றிருந்தால், நடுமரம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. பிள்ளைகள் கைப்படும் பொருளுக்கு அதை எடுப்பதில்லை. முதலில் 60ஆம் எண் பெல்ட், பிறகு 80, 120. பலகையை ஓரிடத்தில் நிறுத்தினால் பள்ளம் விழும்.

ஸகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வருவதால், பிள்ளைகளுக்கு இவ்வேலையில் தனி ஆசை. எனினும் இயந்திரத்தருகே அவர்களை விடுவதில்லை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியுள்ளது. தூளுறிஞ்சி பொருத்திய செலவு இயந்திரத்தின் விலையை மிஞ்சியது. நிர்வாகிகள் சிலர் முகம் சுளித்தனர். நமக்கு அது வீண்விரயமாகத் தோன்றவில்லை.

லுஹருக்குப் பின், வகுப்பில்லாத வேளையில் மட்டுமே ஓட்டுகிறோம். இதுவரை 22 ரிஹால்கள் முடிந்துள்ளன, அல்ஹம்துலில்லாஹ். எஞ்சிய துண்டுகளில் செருப்பு வைக்கும் தட்டு செய்யலாமா என்று ஒரு மாணவன் கேட்டிருக்கிறான்.