பின்வளவுக் கேணி

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் உழன்ற ஒருவன் தனது வீட்டின் பின்வளவில் நீச்சல் தடாகம் அமைத்தான் என்றால், கேட்பவர்கள் புருவத்தை உயர்த்துவது இயல்பே. அதுவும் 2022ஆம் ஆண்டில், அரிசிக்கும் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் அமைத்தான் என்றால், உயர்ந்த புருவம் சுலபத்தில் கீழிறங்காது. ஆகவே நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுகிறேன். தீர்ப்பை வாசகர்களிடம் விட்டுவிடுகிறேன்.

என் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. கரும்பலகையின் முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற கால்கள் அவருடையவை. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரு முழங்கால்களும் அவரைக் கைவிடத் தொடங்கின. கோயிலுக்குப் போவது நின்றது. பின்னர் கிணற்றடிக்குப் போவதும் நின்றது. அவரைப் பரிசோதித்த வைத்தியர், நெஞ்சளவு நீரில் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கும்படி ஆலோசனை கூறினார். நீர் உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். மூட்டுக்கு நோவு குறையும். தசையோ வேலை செய்துகொண்டிருக்கும். இதுதான் அதன் சூட்சுமம்.

ஆலோசனை நல்லது. ஆனால் நெஞ்சளவு நீருக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்பது நாம் அதற்குக் கொடுக்கும் மரியாதை. நான் சிறுவனாக இருந்தபோது நீந்தப் பழகியது கீரிமலைக் கேணியில். கடலின் ஓரத்தில் நன்னீர் ஊறும் அந்தக் கேணி, எங்கள் தலைமுறையினர் பலருக்கு நீச்சல் பள்ளிக்கூடம். 1990இன் பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டமையால், எங்கள் பிள்ளைகளின் தலைமுறைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. இப்போது கேணி இருக்கிறது. ஆனால் அதன் படிகளில் இறங்கி ஏறும் வலு என் மனைவியின் கால்களில் இல்லை. ஆகவேதான் பின்வளவில் ஒரு தடாகம் என்ற எண்ணம் பிறந்தது.

முதலில் வரைந்த திட்டத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. முப்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம், நீல நிறத் தரையோடு, துருப்பிடிக்காத உருக்கினாலான கைபிடி, இத்தாலியில் செய்த நீரிறைக்கும் இயந்திரம், அதனோடு பொருந்திய மணல் வடிகட்டி. எல்லாம் கொழும்பில் கிடைக்கும் என்றார்கள். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்தன. அரைநூற்றாண்டுச் செய்திகளோடு வாழ்ந்தவன் அதன் பொருளை முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். உணர்ந்தேன், ஆனால் தவறான முறையில் உணர்ந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

2022 பெப்ரவரியில் நிலம் வெட்டத் தொடங்கினோம். பெக்கோ இயந்திரம் ஒருநாள் வந்தது. மேலே இருந்த செம்மண்ணை அரை நாளில் அள்ளி எறிந்தது. அதன் கீழே, வலிகாமத்தில் எங்கும் உள்ளதுபோல், சுண்ணாம்புப் பாறை. நாளைக்குப் பாறை உடைக்கும் கருவியைப் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போன சாரதி திரும்பி வரவில்லை. அவர்மீது குற்றமில்லை. டீசல் இல்லை. இரண்டு கிழமை காத்திருந்துவிட்டு, அலவாங்கும் பிக்கானுமாக இரண்டு தொழிலாளர்களை அமர்த்தினேன். இந்த மண்ணில் கிணறுகளை வெட்டிய எங்கள் பாட்டன்மாரிடம் பெக்கோ இருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பத்தொன்பது நாட்களில் இருபது அடி நீளமும் பத்து அடி அகலமும் ஐந்து அடி ஆழமும் கொண்ட குழி உருவாயிற்று. முப்பதை இருபதாகவும் பதினைந்தைப் பத்தாகவும் குறைத்தது அலவாங்குதான், நானல்ல.

மார்ச் மாதம் ரூபா மிதக்க விடப்பட்டது. ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 300 ரூபாவைத் தாண்டியது. கொழும்பில் முற்பணம் கட்டி வைத்திருந்த நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வங்கியில் கடன் கடிதம் திறக்க முடியவில்லை என்று விற்பனையாளர் அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் திரும்பி வந்த பணம் நான் கொடுத்த அதே பணமல்ல. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்குப் 13 மணித்தியாலங்கள் வரை சென்றது. தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்தச் செய்தியை வாசித்தபோது, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வெளிவந்த காலம் என் கண்முன் நின்றது. பள்ளிப் பிள்ளையின் கையெழுத்துக்காகப் போடப்பட்ட கோடுகளின் குறுக்கே போர்ச் செய்திகள் ஓடிய காலம் அது.

நிற்க. தவறாக உணர்ந்தேன் என்று முன்னர் குறிப்பிட்டதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்து மக்களுக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. ஒன்று, இல்லாததைக் கொண்டு வாழ்வது. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினோம்; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம்; சில துளி பெற்றோலைக் காட்டி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். மற்றையது, கிடைக்கும்போது பதுக்கிக்கொள்வது. முதலாவது பாடத்தைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்நாளில் தடை செய்யப்பட்ட பொருட்களில் சீமெந்தும் ஒன்று. ஒரு பை சீமெந்துக்காக மனிதர் பட்ட பாட்டை நேரில் கண்டவன் நான். ஆகவே 2021 டிசெம்பரில், விலை ஏறப்போகிறது என்று மோப்பம் பிடித்தவுடன், நாற்பத்தைந்து பைகளை வாங்கி மாட்டுக்கொட்டிலில் அடுக்கிவிட்டேன். பதினெட்டுப் பைகள் மார்ச் மாதத்தில் அடித்தளத்துக்குப் போயின. பின்னர் மணல் ஏற்றிவர லொறிக்கு டீசல் இல்லை, கம்பி விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, வேலை நின்றது. இருபத்தேழு பைகள் கொட்டிலில் இருந்தன.

மே மாதத்தில் ஒரு நாள் காலை, இரண்டு வளவு தள்ளிக் குடியிருக்கும் பெண்ணொருவர் படலையடியில் வந்து நின்றார். கணவனை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். மலசலகூடக் குழியின் மூடி இடிந்து விழுந்துவிட்டது என்றும், கடையில் சீமெந்து இல்லை, இருந்தாலும் தன்னால் வாங்க முடியாது என்றும் கூறி, நான்கு பைகள் கடனாகக் கேட்டார். 2021இல் ஏறக்குறைய ஆயிரம் ரூபாவாக இருந்த ஒரு பை அப்போது மூவாயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கே போதாமல் இருக்கு, பிள்ளை" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி ஐயா" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் போனார். பின்வளவில் குழி வெட்டிய மண் மலையாகக் குவிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

யூலை 9ஆம் திகதி கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர். அங்கிருந்த நீச்சல் தடாகத்தில் இளைஞர்கள் குதித்து நீந்திய காட்சியை உலகமே பார்த்தது. நாங்களும் பார்த்தோம். எங்கள் குழியில் அன்று ஓணான்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"இஞ்சாருங்கோ, அந்தத் தடாகத்துக்கு மோட்டார் எங்கை வாங்கினவை எண்டு ஆரிட்டையாவது ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்றார் என் மனைவி.

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பின்னர் ஓர் உறுத்தல் எஞ்சி நின்றது. ஊரார் வரிசையில் நிற்கையில் மாளிகைக்குள் தெளிந்த நீரை வைத்திருந்தவர்களுக்கும், அயலவர் குழி மூடியின்றித் தவிக்கையில் கொட்டிலுக்குள் சீமெந்தை வைத்திருந்த எனக்கும் என்ன வேறுபாடு? அளவில் வேறுபாடு உண்டு. வகையில் உண்டா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஓகஸ்டில் ஒருவாறு மணல் வந்து சேர்ந்தது. மேசன் பத்து மைல் தூரம் சைக்கிளில் வந்தார். கொட்டிலைத் திறந்து பைகளை இறக்கினோம். சீமெந்தை மூன்று மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது கட்டட வேலை தெரிந்த எவருக்கும் தெரிந்த விடயம். காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். எட்டு மாதங்கள் கிடந்த என் பைகளில் பத்துப் பைகள் கல்லாகியிருந்தன. மேசன் சுத்தியலால் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது இனிப் படிக்கல்லுக்குத்தான் உதவும்" என்றார்.

திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "அண்டைக்குக் குடுத்திருந்தால் ஆறு பைதான் கல்லாயிருக்கும்" என்றார். அவர் கணித ஆசிரியை. அந்தக் கணக்கு இன்றுவரை என் நெஞ்சில் இருக்கிறது.

அன்று பின்னேரமே நான்கு நல்ல பைகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குழியின் மேல் பழைய தகரத்தைப் போட்டு, அதன் மேல் பனங்குற்றிகளை வைத்திருந்தார்கள். மூன்று மாதங்களாக இரண்டு பெண் பிள்ளைகள் அதன் அருகே நடந்து திரிந்திருக்கிறார்கள். எதுவும் நேரவில்லை. நேரவில்லை என்பது என் அதிர்ஷ்டம், என் நற்குணமல்ல.

எஞ்சியவை பதின்மூன்று பைகள். ஐந்து அடிச் சுவர் எழுப்ப அது காணாது. நான்கு அடிக்குக் காணும் என்று மேசன் கணக்குப் பார்த்தார். மேலே எஞ்சிய ஓர் அடிக்கு, வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கற்களையே சீமெந்தின்றி அடுக்கினார். என் மனைவி உயரம் குறைந்தவர். நான்கு அடி நீர் அவருக்கு நெஞ்சளவு. வைத்தியர் கேட்டதும் அதுதான். ஐந்து அடி என்பது என் ஆசையேயன்றித் தேவையல்ல என்பதைச் சீமெந்து இல்லாமைதான் எனக்கு விளக்கியது.

நீர் கசியாமலிருக்கப் பூசும் இரசாயனம் கிடைக்கவில்லை. மேசன் சாந்தை மெல்லிய படைகளாக மூன்று முறை பூசி, இறுதியில் சீமெந்துப் பாலைத் தடவி மினுக்கினார். பூச்சு வெடிக்காமல் இருக்கப் பத்து நாட்கள் சாக்குகளைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி நனைத்தோம். நீலத் தரையோடு இல்லை. கைபிடிக்கு, கைவிடப்பட்ட பழைய நீர்க்குழாய் ஒன்றைத் தேய்த்து நிறம் பூசிப் பதித்தோம்.

அடுத்த கேள்வி நீர். இருபது அடியும் பத்து அடியும் நான்கு அடியும் பெருக்கினால் 800 கன அடி. ஏறக்குறைய 22,600 லீற்றர். அதைக் கிணற்றிலிருந்து இறைக்க எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தின் நன்னீர், கீழே இருக்கும் உவர் நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும். என் கிணறு மட்டுமல்ல, அயற்கிணறும் கெடும். ஆகவே மாரிக்குக் காத்திருந்தோம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லீற்றர் சேரும். பீலிகளைத் தடாகத்தின் பக்கம் திருப்பிவிட்டோம். ஒக்ரோபரில் தொடங்கிய மழை நவம்பர் இறுதியில் தடாகத்தை நிரப்பியது.

நீர் நிறைந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார். டெங்குக் காலம். "ஒரு கிழமைக்குள் தண்ணீரைச் சுழல விடுங்கோ, இல்லாட்டி இறைச்சு விடுங்கோ" என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனார். அவர் செய்தது சரி. அந்த ஒரு கிழமைக்குள், வீட்டில் பழுதாகிக் கிடந்த அரைக் குதிரைவலு மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டுவித்தோம். பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றின் அடியில் கூழாங்கல்லும், அதன் மேல் பருமணலும், அதன் மேல் நன்கு கழுவிய நுண்மணலுமாக நிரப்பி வடிகட்டி செய்தோம். வாங்கும் வடிகட்டிக்குள்ளும் இருப்பது மணல்தான். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து மோட்டாரை ஓடவிட்டோம். நீரைத் தொற்று நீக்க, ஏறக்குறைய 150 கிராம் வெளிற்றும் தூள் ஒரு தடவைக்குப் போதுமாக இருந்தது.

டிசெம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, என் மனைவி குழாயைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படி, கல்லாகிப்போன அந்தச் சீமெந்துப் பைகளால் அமைத்தது. நீர் நெஞ்சளவு வந்ததும் நின்றார். பின்னர் பிடியை விட்டுவிட்டு நடந்தார். ஒன்றரை ஆண்டாக நான் காணாத நடை அது. கரையில் நின்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்றும் அவர் நாள்தோறும் நடக்கிறார். பொல்லின்றிக் கோயிலுக்குப் போகிறார். கிடுகு வேலி அடைத்து, படலைக்குப் பூட்டும் போட்டு வைத்திருக்கிறோம். சிறு பிள்ளைகள் உள்ள ஊரில் நான்கு அடி நீரும் ஆபத்தே. சனிக்கிழமைகளில் மட்டும் அந்தப் பூட்டு அயற்பிள்ளைகளுக்காகத் திறக்கப்படும். கீரிமலையில் நான் பழகியதை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். முதலில் நீந்தப் பழகியவர்கள், அந்தப் பெண்ணின் இரண்டு மகள்மார்.

கடனாகக் கேட்ட நான்கு பைகளை அவர் பிற்பாடு திருப்பித் தர வந்தார். நான் வாங்கவில்லை. அன்று நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.