மலை ஏறுமா ரோபோ கால்?

வீக் எண்ட்னா ஏலகிரி, ஏற்காடுனு கிளம்புற ஆளா நீங்க? ஒரு தடவை ரூட்டை மாத்தி ஜவ்வாது மலைக்கு வாங்க பாஸ்! வேலூர்ல பஸ் ஏறினா பாகாயம், கணியம்பாடி, போளூர் தாண்டி, வளைஞ்சு வளைஞ்சு ஏறி ஜமுனாமரத்தூர். பீமன் நீர்வீழ்ச்சி, பலா மரம், சாமை வயல்... கண்ணுக்கு ஃபுல் மீல்ஸ்!

ரோட்டை விட்டு ஒத்தையடிப் பாதையில இறங்கிப் பாருங்க. நிலம், ரேஷன், பள்ளிக்கூடம்னு பல குக்கிராமங்களுக்கு இன்னும் கால்தான் வண்டி. 2023-ல் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, ரோடு இல்லாததால் தாய் சுமந்தே நடந்தது ஞாபகம் இருக்கா?

இங்கே ஒருத்தர் பைக்கில் விழுந்து மூளையில் பலமா அடிபட்டா..? கால் எலும்பு நல்லாவே இருக்கும். 'நட'னு உத்தரவு போடுற மூளை தடுமாறும். குழந்தை மாதிரி திரும்பத் திரும்பப் பழகணும்.

அதுக்குத்தான் ரோபோ! சுவிட்சர்லாந்தின் 'லோகோமேட்' மாதிரி மெஷின்ல, இடுப்புப் பட்டை உடம்பு எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கும். கீழே ட்ரெட்மில். இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மோட்டார் அசைக்கும். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகம்னு வைங்க, அரை மணியில் 750 மீட்டர். எட்டுக்கு அரை மீட்டர்னா 1,500 எட்டு! தெரபிஸ்ட் குனிஞ்சு கையால் காலை எடுத்து வெச்சா, அவர் இடுப்பு காலி.

ஆனா மேஜிக் இல்லை. பக்கவாதம் வந்தவங்களிடம் நடந்த ஆய்வுகளில், பிசியோதெரபியோட சேர்த்துக் கொடுத்தப்போதான் பலன். அதுவும் முதல் 3 மாதத்தில், கொஞ்சமும் நடக்க முடியாதவங்களுக்கு அதிகம். விபத்தில் மூளை அடிபட்டவங்களுக்கு ஆதாரம் இன்னும் கம்மிதான்.

அந்த 3 மாசம்தான் பிரச்னையே. மெஷின் இருப்பது பெரிய நகரங்களில் சில மருத்துவமனைகளில். கூலி வேலையை விட்டுட்டு, துணைக்கு ஆளோட அங்கே போய்த் தங்க யாரால முடியும்?

வர்ற வழியில பாகாயம் பார்த்தோமே... அங்கே சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-லிருந்து இருக்கு. அதுக்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954 கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செஞ்சவங்க. அவங்க ஆரம்பிச்சப்போ ரோபோ எல்லாம் கிடையாது.

ட்ரெட்மில் சமதளம். மலைப் பாதையில் கல்லும் வேரும் சரிவும்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுற தோஸ்த்துகளே... விலை கம்மியா, ஜீப்ல ஏத்துற சைஸ்ல, ரிப்பேர்னா போளூர்லயே சரி பண்ற மாதிரி ஒரு நடைக் கருவி... முயற்சி பண்ணலாமா?