யாழ்ப்பாணத்துக் கூழும் பிட்டும்

ஒரு நகரத்தைக் காணச் செல்வோர் அங்குள்ள கோயிலுக்கு வழி கேட்பர். கோட்டைக்கு வழி கேட்பர். கடற்கரைக்கு வழி கேட்பர். அந்நகரத்து மக்கள் காலையில் எதனை உண்கின்றனர், மாலையில் எதனை உண்கின்றனர் என்று கேட்போர் மிகச் சிலரே. ஊருக்கு ஊர் மண் வேறு, நீர் வேறு, ஆதலின் உணவும் வேறு. ஓர் ஊரின் வரலாற்றை ஏட்டிற் படிப்பது போலவே அவ்வூரின் அடுக்களையிலும் படிக்கலாம் என்பது எமது துணிபு.

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில், கொழும்பில் நாம் கற்பிக்கும் கல்லூரியின் மாணவர் 18 பேரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்றோம். அவர்களுட் பெரும்பாலோர் அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தைக் கண்டிலர். புறப்படுவதற்கு முதல்நாள் ஒரு மாணவன் எழுந்து, “சேர், அங்கே போனால் கட்டாயம் என்னென்ன சாப்பிட வேண்டும்?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமோ அதனை நல்ல வினாவென்றே கொண்டு, பிட்டு, நண்டுக் குழம்பு, பருத்தித்துறை வடை, கருப்பநீர், ஒடியற் கூழ் என ஐந்தினைக் கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகள் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். அப்பட்டியலில் ஒன்று எமக்கே ஒரு நாள் சோதனையாக வந்து நிற்கும் என்பதை அப்போது நாம் எண்ணவில்லை.

முதலாவது பிட்டு. நல்லூருக்கு அண்மையில் நாம் தங்கிய வீட்டில் சமைக்க வந்த அம்மையார், வைகறையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். வறுத்த அரிசி மாவில் உப்பிட்ட கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குழைத்து, சுண்டின் விளிம்பினாற் கொத்திக் கொத்திச் சிறுமணிகளாக்கினார். அதனுடன் தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் இட்டு, கொதிக்கும் பானையின் வாயில் வைத்தார். நீத்துப்பெட்டி என்பது பனையோலையாற் கூம்பு வடிவில் இழைக்கப்பட்ட பெட்டி. நீராவி ஓலையின் இடுக்குகளாற் புகுந்து மாவை அவிக்கும்போது ஓலையின் மணமும் மாவிற் சேர்கிறது. உலோகப் பாத்திரத்தில் அவித்த பிட்டு இம்மணத்தை அறியாது. பொரித்த கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் அருகிருக்க, எம் மாணவர் மூன்று முறை பெட்டியை வெறுமையாக்கினர். மாம்பழக் காலத்தில் வருவோர் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தைப் பிட்டுடன் பிசைந்து உண்ணத் தவறலாகாது. நாம் சென்றபோது அப்பழத்தின் பருவம் தொடங்கவில்லை. குரக்கன் மாவிலும் ஒடியல் மாவிலும் பிட்டு அவிப்பதுண்டு என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது நண்டுக் குழம்பு. குருநகர், பாசையூர் முதலிய கரையூர்களில் விடியற்காலையில் வந்திறங்கும் கடனீரேரி நண்டு பெயர் பெற்றது. எனினும் குழம்பின் பெருமை நண்டினால் மாத்திரம் அமைவதன்று. யாழ்ப்பாணத்துக் கறித்தூளினாலும் அமைவது. கொத்தமல்லி, செத்தல் மிளகாய், மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பதமாக வறுத்து, மஞ்சள் சேர்த்து இடித்த தூள் அது. வீட்டுக்கு வீடு அளவு மாறுபடும். எந்த வீட்டாரும் தம் தூளே சிறந்ததென்பர். நண்டு வெந்து தேங்காய்ப்பால் சேர்ந்தபின் இறுதியில் ஒரு கைப்பிடி முருங்கையிலையைத் தூவி இறக்குவது இந்நாட்டு வழக்கம்.

பயணிகளுக்கு ஒரு குறிப்பு. வெள்ளிக்கிழமையிற் சைவ வீடுகள் பலவற்றில் மீனும் நண்டும் அடுக்களைக்குட் புகா. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உற்சவம் நிகழும் 25 நாளும் மச்சம் தீண்டாத குடும்பங்கள் மிகப் பல. அக்காலத்தில் வருவோர் சோறும் சாம்பாரும் வடையும் பாயசமும் உண்டு மகிழலாம். நண்டைத் தேடி அலைதல் அழகன்று.

மூன்றாவது பருத்தித்துறை வடை. யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவில், குடாநாட்டின் வடகரையில் உள்ளது பருத்தித்துறை. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய இவ்வடை, உழுந்து வடை போலப் பருத்து மென்மையாயிராது. தட்டையாக, மெல்லியதாக, கடித்தால் நொறுங்குவதாக இருக்கும். உழுந்தும் கோதுமை மாவும் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துப் பிசைந்து தட்டி எண்ணெயிற் பொரித்தெடுப்பர். ஈரம் எஞ்சாமையால் நாட்கணக்கிற் கெடாது. ஆதலின் நெடும்பயணம் செல்வோரின் கட்டுச்சாதத்துடன் இதுவும் செல்லும். கொழும்பிற் படிக்கும் பிள்ளைக்குத் தாய் அனுப்பும் பொதியை அவிழ்த்தால், முதலில் மணப்பது பெரும்பாலும் இவ்வடையே.

நான்காவது கருப்பநீர். பனம்பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டி இறக்குவது கருப்பநீர். சுண்ணாம்பு தடவாது இறக்கினால் அது புளித்துக் கள்ளாகும். ஒரே பாளை, ஒரே சாறு. ஒரு விரல் சுண்ணாம்பே இரண்டினையும் வேறாக்குகிறது. எம் இரசாயன மாணவர் இதனைக் கேட்டு வியந்தனர். வெயில் ஏறுமுன் பருகிய கருப்பநீரின் இனிமையை அவர்கள் மறவார். அதனையே காய்ச்சிப் பதமாக்கி, ஓலையால் இழைத்த சிறு குட்டான்களில் வார்த்தாற் பனங்கட்டியாகும். பனையின் கொடை இத்துடன் முடிவதன்று. நுங்கு, பனம்பழம், பனங்காய்ப் பணியாரம், பழக்களியை வெயிலிற் காயவைத்த பினாட்டு, விதையை நிலத்திற் புதைத்துப் பெறும் கிழங்கு எனப் பருவந்தோறும் ஒன்று உண்டு. கிழங்கை அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். அவியாது பிளந்து காயவைத்தால் ஒடியல். அவ்வொடியலின் மாவே கூழுக்கு முதல்.

ஐந்தாவது அக்கூழ். அதற்காக வலிகாமத்திலுள்ள எம் சின்னம்மா வீட்டுக்கு மாணவரை அழைத்துச் சென்றோம். முற்றத்து வேம்பின்கீழ் மூன்று கல் வைத்துப் பெரும்பானை ஏற்றியிருந்தார். கசப்பு நீங்கும்படி ஒடியல் மாவை முன்னரே நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி வடித்து வைத்திருந்தார். பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு ஆகியன வெந்தபின் மீனும் நண்டும் இறாலும் சேர்ந்தன. அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் உப்பும் கலந்த மாக்கரைசலை ஊற்றித் துழாவி, இறுதியில் முருங்கையிலை இட்டார். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் என்றும், போர்த்துக்கேயர் கீழைநாடுகளுக்கு வருமுன் எம் முன்னோர் அவற்றை அறியாரென்றும், ஆகவே இப்பானைக்குள் உலக வரலாறே கொதிக்கிறதென்றும் நாம் மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தோம்.

பனையோலையை மடித்துக் கோலிய பிளாக்களிற் கூழ் வந்தது. பிள்ளைகள் ஊதி ஊதிக் குடித்தனர். உறைப்பினாற் கண்ணீர் வடித்தனர். மீண்டும் பிளாவை நீட்டினர். அப்போது பட்டியல் கேட்ட அதே மாணவன் எம்மை நோக்கி, “சேர், எல்லாருக்கும் குடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் ஏன் குடிக்கவில்லை?” என்றான்.

நாம் ஏதேனும் சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் சின்னம்மாவின் பார்வை எம்மேல் இருந்தது. உண்மையையே சொன்னோம்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். மழையில் நனைந்தவாறு சென்ற அக்கூட்டத்தில் நாமும் எம் பெற்றோரும் இருந்தோம். அப்போது எமக்குப் பாடசாலைப் பருவம். பொருளாதாரத் தடையினாற் சீனி முதலிய பொருள்கள் ஏற்கெனவே அரிதாயிருந்தன. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே தேநீர் பருகிப் பழகியிருந்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தின் ஓர் அறையிற் பல குடும்பங்களுடன் இருந்த மாதங்களில், எம் அன்னையார் நாள்தோறும் காய்ச்சியது கூழ். அதில் நண்டில்லை, இறாலில்லை, மாவும் முருங்கையிலையும் உப்புமே. ஒரு நாள் நாம் பிளாவைத் தள்ளிவிட்டு, “இன்றைக்கும் இதுதானா?” என்று உரத்துக் கேட்டோம். அறையிலிருந்த யாவரும் திரும்பிப் பார்த்தனர். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. மறுநாட் கூழில் ஒரு மீன்தலை கிடந்தது. அது எவ்வாறு வந்ததென நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 1996 ஆம் ஆண்டு சித்திரையில் ஊர் திரும்பினோம். அதன்பின் எம் அன்னையார் வாழ்ந்த காலமெல்லாம் கூழ் காய்ச்சும் நாட்களில் எமக்கெனத் தனியே சோறு வைத்தார். கூழ் எமக்குப் பிடிக்காதென அவர் எண்ணிக்கொண்டார். கூழ் பிடிக்காமல் அன்று. அன்று கூறிய சொல் தொண்டையில் நின்றமையாலேயே நாம் உண்ணவில்லை. அதனை அவரிடம் சொல்லும் துணிவு இறுதிவரை வரவில்லை.

முற்றத்திற் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. சின்னம்மா அகப்பையை எடுத்து ஒரு பிளாவை நிறைத்தார்.

“தம்பி, அக்காவுக்குத் தெரியாதெண்டே நினைக்கிறாய்? பிள்ளைக்குப் பசி, அதாலதான் கத்தினவன் எண்டு அண்டைக்கே எனக்குச் சொன்னவ. இந்தா, ஆறமுன்னம் குடி.”

குடித்தோம். உறைப்பும் புளிப்பும் ஒடியலின் மெல்லிய கசப்பும் ஒன்றாய் நாவில் ஏறின. இரண்டாம் முறையும் பிளாவை நீட்டினோம். மாணவர் அதனைக் கண்டு கைகொட்டிச் சிரித்தனர், நாமும் சிரித்தோம்.

திரும்பும் வழியில் நல்லூரில் ஐஸ்கிறீம் வேண்டுமென்று பிள்ளைகள் வற்புறுத்தினர். அதுவும் இன்றைய யாழ்ப்பாணத்துச் சுவைகளுள் ஒன்றே. மறுக்க மனம் வரவில்லை. பின்னர் கொழும்பில் அம்மாணவன் தன் பயணக் குறிப்பைக் கொணர்ந்து காட்டினான். ஐந்து உணவுகளுக்கும் நேரே அவன் அடையாளமிட்டிருந்தான். கூழுக்கு நேரே மாத்திரம், “சேரும் குடித்தார்” என்று எழுதியிருந்தான்.

யாழ்ப்பாணம் செல்லும் அன்பர்கள் கோயிலையும் கோட்டையையும் காண்க. பின் அறிந்தவர் வீடொன்றிற் புகுந்து, பிட்டோ கூழோ கேட்டு உண்க. கடைகளிலும் இவை கிடைக்கும், தவறில்லை. ஆயினும் சமைத்தவரிடம், “இதனை எவ்வாறு செய்தீர்கள்?” என்று ஒரு வினாவேனும் வினவுக. அவர் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் வீட்டில் உங்களுக்காகச் சமைத்தவரிடம் சொல்லவேண்டியது ஏதேனும் எஞ்சியிருப்பின், அதனை இன்றே சொல்லிவிடுக.