சிறுவீட்டுக்கு ஒரு பானை

தென்காசிப் பக்கம் மார்கழி பிறந்தால் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இரண்டு கவலைகள் சேர்ந்தே பிறக்கும். கருக்கலில் எழுந்திருக்க வேண்டும். பூசணிப்பூ கிடைக்க வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாண உருண்டை வைத்து அதில் பூவைச் செருகுவது மாதம் முழுக்க நடக்கும். பூசணி கிடைக்காத நாளில் பீர்க்கம்பூ, அதுவும் இல்லையென்றால் செம்பருத்தி. வெயில் ஏறியதும் சாணத்தைப் பூவோடு சேர்த்துத் தட்டி, வரட்டியாக்கிச் சுவரோரம் காய வைப்பார்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் வளர்ந்த பெண்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயசுக் கதை ஒன்றாவது வரும். தை பிறந்ததும் நடக்கும் சிறுவீட்டுப் பொங்கலுக்காகச் சேர்க்கிற வரட்டிகள் அவை.

சிறுவீட்டுப் பொங்கல் பெரியவர்களுடையது அல்ல. வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ மண்ணால் ஒரு சின்ன வீடு கட்டி, அதற்கு முன்னால் பெண்பிள்ளைகள் தாங்களே சின்னப் பானையில் பொங்கலிடுவார்கள். பிறகு காய்ந்த பூவரட்டிகளையும் கொஞ்சம் பொங்கலையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய், சூடம் ஏற்றி, குலவை போட்டு, தண்ணீரில் விடுவார்கள். நாள் வீட்டுக்கு வீடு மாறும். தைப்பூசத்துக்குள் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பெண்பிள்ளைகள் மண்ணில் வீடு கட்டி விளையாடுவது இந்த மொழியில் எவ்வளவு பழையது என்பதற்குத் தென்காசிக்கு வடக்கே இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரே சாட்சி. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதும் தாங்கள் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று பெண்கள் கண்ணனிடம் கேட்பதுதான்.

மேலகரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிறது. பட்டாசாலையின் ஒரு மூலையில் சிறுவீடு எழும்பிக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டிருந்தவள் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் படிக்கிற பெண். பொங்கல் விடுமுறை. பொங்கலிடப் போகிறவள் அவளுடைய தங்கை. ஆனால் கை முழுவதும் அக்காவுடையது. அம்மா சற்றுத் தள்ளி மடியில் தட்டோடு பீடி சுற்றிக்கொண்டே, "அந்தச் சுவரு கோணுது பாரு" என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

நாலு விரல் உயரச் சுவர். செங்கல் துண்டுகளை அடுக்கி, குழைத்த களிமண்ணைப் பூசி, ஈரத்துணியால் வழித்து வழித்து மழமழப்பாக்கியிருந்தாள். சாமி அறை, அடுக்களை, பட்டாசாலை, முற்றம், முற்றத்தில் கிணறு. மச்சுக்குப் போக மூன்று படி. அடுக்களைக்குள் சுவரோடு சுவராக ஒரு பரணும் வைத்திருந்தாள். அவர்கள் இருக்கிற வாடகை வீட்டில் முற்றமும் கிடையாது, கிணறும் கிடையாது. அம்மா பிறந்த வீட்டில் இருந்தவற்றைக் கேட்டுக் கேட்டுக் கட்டியிருக்கிறாள். சுவர் காய்ந்ததும் காவி; காவிக்கு மேல் சுண்ணாம்புப் பட்டை; தரையில் இழைக்கோலம். கோலத்துக்கு இரண்டு மூலங்கள் வைத்திருந்தாள். ஒன்று கைப்பேசி. மற்றது அம்மாவின் பழைய கட்டம் போட்ட நோட்டு, ஓரமெல்லாம் பழுப்பேறியது. "போன்ல பாக்கது பெருசா, கலரா இருக்கும்க்கா. ஆனா சின்ன இடத்துக்கு அம்மா நோட்டுதான் சரி. புள்ளி கணக்கு தப்பாது" என்றாள்.

விடுமுறை வந்தால் அவள் கை சும்மா இருப்பதில்லை. பிளாஸ்டிக் வளையலில் பட்டுநூல் சுற்றி ஓரத்தில் குந்தன் கல் ஒட்டி, தோழிகளுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி செய்திருந்தாள். அம்மாவின் கிழிந்த சேலையில் கரை நன்றாக இருந்ததாம்; அதை வெட்டித் தங்கைக்குப் பாவாடை தைத்திருந்தாள். காதில் சுடுமண் கம்மல். தினமும் என்ன பிடிக்கும் என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை: ஒரு முழம் பிச்சிப்பூ, கண்ணாடி வளையல், சின்னதாக ஒரு கறுத்த பொட்டு. கடையில் வாங்கிப் போடுவதை விட ஒட்டவைத்ததும் தைத்ததும் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமை காசில்லாததால் வந்ததல்ல, கை பழகியதால் வந்தது. அவள் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிய விதத்திலேயே அது தெரிந்தது.

"எல்லாம் செஞ்சிருவேன்க்கா. பானை மட்டும் நமக்கு வராது. அது தேன்பொத்தையில இருந்துதான் வரணும்" என்றாள்.

செங்கோட்டைப் பக்கம் இருக்கிற தேன்பொத்தைக்கு அதற்கு முன்பே, மார்கழி நடுவில், போயிருந்தேன். தென்காசி வட்டாரத்தில் பொங்கல் பானை என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் அது. தெருவுக்குள் நுழைந்ததும் பச்சைப் பானைகள் வரிசை வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. திண்ணையில், கட்டிலுக்கடியில், அடுக்களை வாசலில், எங்கே கூரை இருக்கிறதோ அங்கெல்லாம் பானை. மனிதர்கள் மிச்ச இடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

பானை செய்வது என்றால் சக்கரத்தின் முன் ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம்தான் எல்லோருக்கும் மனதில் வரும். இப்போது மோட்டார் வைத்த சக்கரம். கம்பால் சுழற்றிவிட்டு ஓடும் வேகத்துக்குள் பானையை எடுக்க வேண்டிய அவசரம் இல்லை. ஈர மண் விரல்களுக்கிடையே எழும்பி, கழுத்து ஒடுங்கி, விளிம்பு விரிந்து, நூலால் அறுபட்டு இறங்குவதைப் பார்ப்பது அழகுதான். ஆனால் இறங்குவது பானை அல்ல. அதற்கு அடிப்பாகம் இருக்காது. கழுத்தும் தோளும் கனத்த பக்கங்களும்தான் இருக்கும், அடியில் ஓட்டை. அரைகுறையாகக் காய்ந்த பிறகு அதை மடியில் சாய்த்து, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கையில் பிடித்து, வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டித் தட்டி, பக்கத்து மண்ணையே கீழே இழுத்து ஓட்டையை மூட வேண்டும். நான் பார்த்த வீடுகளில் அந்த வேலை பெண்களுடையது.

ஒரு ஆச்சி தட்டிக்கொண்டிருந்தார். கண் பானையில் இல்லை. தெருவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டே தட்டினார். காதுதான் வேலை பார்த்தது. மண் தடித்திருக்கிற இடத்தில் சத்தம் மந்தமாக வரும், மெலிந்த இடத்தில் எடுப்பாக வரும். சத்தம் ஒரே மாதிரி ஆகும்வரை பானை மடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். "சக்கரத்துல வாறது பாதிப் பானைதான் தாயி. மீதிப் பானை நாங்க தட்டுதது" என்றார். பக்கத்தில் இருந்த மகன், "அம்மா தட்டினா அடுப்புல வெடிக்காது" என்று ஒத்துக்கொண்டார். தட்டி முடித்த பானையின் அடி எந்த இடத்தில் மூடியது என்று தடவிப் பார்த்தேன். தெரியவில்லை.

மண் கலவையும் பெண்கள் கையில்தான். குளத்துக் களிமண்ணைக் காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, மணல் சேர்த்து மிதிப்பார்கள். மணல் குறைந்தால் காயும்போது கீறல் விடும்; கூடினால் சக்கரத்தில் நிற்காது. அளவு என்று எதுவும் கிடையாது. காலுக்குத்தான் தெரியும் என்றார்கள். காய்ந்ததும் செம்மண் குழம்பு பூசி, தேய்த்து, மறுபடி நிழலில் காயவைத்து, பிறகு சூளை. பானைகளை அடுக்கி, விறகும் தேங்காய் மட்டையும் வைக்கோலும் வைத்து, மேலே சேறு மெழுகித் தீ வைப்பார்கள். பொங்கல் பானைகளை இங்கே படிக் கணக்கில்தான் கேட்பார்கள்: அரைப்படி, ஒரு படி, இரண்டு படி. சிறுவீட்டுப் பானை இந்தக் கணக்குக்குள்ளேயே வராத குட்டி. அதற்கும் தட்டும் வேலை அதேதான். கல் மட்டும் சின்னது. உள்ளே முழுக்கை நுழையாது, இரண்டு விரலால்தான் கல்லைப் பிடிக்க வேண்டும். சின்னப் பானைதான் கஷ்டம், காசு குறைவு என்றார் ஆச்சி.

இந்த ஊர் படும் பாடு புரிய வேண்டுமென்றால் மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே களை கட்டும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லா இடத்திலும் கூட்டம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைக்கு வரும். பிரானூர் பார்டரில் புரோட்டாவுக்கு வண்டிகள் வரிசை கட்டும். அதே சாரல்தான் தேன்பொத்தையில் பச்சைப் பானையைக் காயவிடாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மண்பாண்டத் தொழிலாளிக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் எதிரி. மலையடிவாரத்தில் இருக்கிற இவர்களுக்குத் தென்மேற்கும் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் வேலை சூடு பிடிக்கும்போது வெயில் குறைவு, பனி அதிகம். பொங்கலோ தள்ளிப் போகாது. மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. அது வருஷத்துக்கு ஒரு முறை. இரண்டு மழை பார்க்கிற ஊருக்கும் அதே தொகைதான்.

மண் கிடைப்பது இன்னொரு பாடு. குளத்தில் மண் எடுக்க முன்பு மாவட்ட ஆட்சியர் வரை அனுமதிக்குப் போக வேண்டியிருந்தது. 2024-இல் விதிகளைத் திருத்தி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளிகளும் வட்டாட்சியர் அனுமதியோடு நீர்நிலைகளிலிருந்து கட்டணமில்லாமல் மண் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் குளம் வற்றினால்தான் மண், வற்றுவது கோடையில்தான். அப்போது எடுத்து ஒரு வருஷத்துக்குக் குவித்து வைக்க இடமும் வண்டி வாடகைக்குக் கையில் காசும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் மண்ணையும் விலைக்கு வாங்குகிறார்கள்.

கேரளம் இவர்களுக்குப் பெரிய ஆறுதல். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலில் மாசியில் பெண்கள் தெருத்தெருவாக அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. மண்பானைதான் அங்கே வழக்கம். செங்கோட்டை வழியாக மலை தாண்டிப் பானை வண்டிகள் போகும். தைப்பொங்கல் முடிந்த கையோடு தேன்பொத்தையில் அந்த வேலை தொடங்கிவிடும். நம் பக்கத்திலோ பொங்கலன்று பல வீடுகளில் வெண்கலப் பானை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பொங்கல்படி கொடுக்கும்போது வெண்கலப் பானை வைப்பது கௌரவமாகிவிட்டது. அதைக் குறை சொல்லவில்லை. அது ஒரு தலைமுறைக்கு நிற்கும். ஆனால் மண்பானை வருஷத்துக்கு ஒன்று வாங்குவது என்பது வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு குடும்பத்துக்கு வேலை கொடுப்பது. அந்த ஏற்பாடுதான் நம் வீடுகளிலிருந்து நழுவிப் போய்விட்டது.

தேன்பொத்தையில் என்னை வருத்தியது வறுமை இல்லை. அங்கே என்னோடு பேசிய இளம்பெண்களில் ஒருத்திக்கும் தட்டத் தெரியாது. படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். "எங்களோட போகட்டும்னுதான் நாங்களே சொல்லிக் குடுக்கல" என்றார் ஒரு தாய். மேலகரத்துப் பெண் விடுமுறையில் ஆசைக்குச் செய்கிற கைவேலை அவளுக்குப் பெருமை தருகிறது. இவர்கள் பிழைப்புக்குச் செய்கிற கைவேலை இவர்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம் தருகிறது. இரண்டு வேலையும் ஒரே மண்ணில்தான் நடக்கிறது. வித்தியாசம் மண்ணில் இல்லை, கூலியில்தான் இருக்கிறது. தெருவோரக் கடையில் நாம் பேரம் பேசிக் குறைக்கிற பத்து ரூபாய் யாருடைய மடியிலிருந்து குறைகிறது என்று ஆச்சியைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

சிறுவீட்டுப் பொங்கலன்று மேலகரத்தில் பால் பொங்கியதும் குலவைச் சத்தம் தெரு வரை கேட்டது. தங்கை புதுப் பாவாடையில், அக்கா தாவணியில், அம்மா பீடித் தட்டை எடுத்து வைத்துவிட்டு. அடுப்பில் இருந்தது தேன்பொத்தைப் பானை. சுற்றி மஞ்சள் குலை கட்டியிருந்தார்கள். சாயங்காலம் சிற்றாற்றுக்குப் போனோம். குற்றாலத்தில் அருவியாக விழுந்து தென்காசியைத் தொட்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிற ஆறு. தையில் தண்ணீர் குறைவு. வரட்டிகள் போவதற்குப் போதுமானதாக இருந்தது.

மண்பானையையும் மண் அடுப்பையும் ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள். பச்சரிசி, சர்க்கரை, கரும்பு தருகிற அரசுக்கு இது பெரிய செலவு இல்லை. ஏறத்தாழ 2.2 கோடி அட்டைகளுக்கு மார்கழியில் பானை செய்ய முடியாது என்பது உண்மைதான். அதனால் மார்கழியில் கேட்கக் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் செய்யச் சொல்லி, முன்பணம் கொடுத்து வாங்கி, கிட்டங்கியில் வைத்தால் பானை கெட்டுப் போகாது. முதலில் ஒரு மாவட்டத்தில், அந்த மாவட்டத்து ஊர்களின் பானையை வைத்தே தொடங்கலாம். 2019 நவம்பரில் பிறந்த புது மாவட்டமான தென்காசி அதற்குப் பொருத்தமான இடம்.

அதுவரை நம் பங்கு ஒன்று இருக்கிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சிப்ஸும் மசாலாவும் வாங்கிய கையோடு தேன்பொத்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். பானையைத் தட்டியவர் கையிலிருந்தே வாங்குங்கள். விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள்.