வெளிச்சம் செய்த தேகம்

தேகப்பயிற்சிப் பத்திரிகைகளின் படங்களைக் கண்டு தம் உடலை நொந்துகொள்ளாத வாலிபர் மிகச் சிலரே. தோட்டத்திலிருந்து என் புகைப்பட நிலையத்துக்கு வந்த ஓர் இளைஞனும் அவ்வாறே நொந்திருந்தான். மூன்றாண்டு எடை தூக்கியும் படத்திலுள்ளவனைப்போல் ஆகவில்லையாம். தசை தெரிவதற்காக இரண்டு நாளாய்த் தண்ணீரையும் குறைத்துவிட்டானாம்! முதலில் நீர் குடிக்கச் செய்தேன்.

பிறகு காமிராவை ஒட்டி விளக்கை வைத்து ஒரு படம் எடுத்தேன். மார்பும் வயிறும் பலகைபோல் தட்டையாயின. அதே விளக்கை அவனுக்குப் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலாக நகர்த்தி, பின்னால் கறுப்புத் திரையிட்டு, மேனியில் சிறிது எண்ணெயும் தடவச் சொன்னேன். வெளிச்சம் தோலை உரசிச் சென்றது. மேடுகள் மின்னின, பள்ளங்கள் இருண்டன. பத்து நிமிஷத்தில் வேறோர் ஆள்!

இது புதிய வித்தையன்று. 1894இல் எடிசனின் கூடத்தில் பலசாலி சாண்டோவைச் சலனப்படம் எடுத்தபோதே, பின்புறம் கறுப்பு; திறந்த கூரை வழியே சூரிய ஒளி. சூரியனை நோக்கிக் கூடத்தையே திருப்பவும் வசதி செய்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் விளக்கிருந்த இடத்தையும் சேர்த்து அச்சிட்டால் எவ்வளவோ நலம்.

இரு படங்களையும் அருகருகே வைத்தேன். நெடுநேரம் பார்த்தான். தாயாருக்கு அனுப்ப முதற்படமே போதுமென்று வாங்கிச் சென்றான்.