நாசிக்கில் ஒரு நாள் – மூக்குக்கு மட்டும்!

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா. கவிதை மட்டும் வேணாம், ஏற்கெனவே நாப்பது கிடக்கு" என்று நம் மன்றச் செயலாளர் ஹாஸ்டல் வராந்தாவில் என்னை மடக்கியபோது, ட்ரெய்னிங் ரிப்போர்ட்டையே கொஞ்சம் சுருக்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ரிப்போர்ட்டில் எழுத முடியாத ஒரு நாள் அந்தப் பயிற்சிக் காலத்தில் எனக்கு வாய்த்தது. எச்.ஓ.டி. கையெழுத்துப் போடுகிற நோட்டில் "இன்று ஒயின் தோட்டங்களுக்குச் சுற்றுலா போனேன்" என்று எழுத முடியுமா? அந்தத் தேதியில் "ஃபீல்டு விசிட்" என்று மட்டும் இருக்கும். (சார் இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

நான் சாண்ட்விச் மெக்கானிக்கல். சாண்ட்விச் என்றால் கான்டீனில் கிடைப்பது என்று நினைக்கும் முதலாண்டுத் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: படிப்புக்கு நடுவே ஆறு மாதம் தொழிற்சாலையில் கிடந்து வேலை பழக வேண்டும். மகாராஷ்டிரத்தில் நாசிக் நகரத்துச் சாத்பூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் என் தாய்மாமா ஃபோர்மேன். அவர் தயவில் அங்கே இடம் கிடைத்தது. பால் பண்ணைகளுக்கும் ஒயின் தயாரிப்பவர்களுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி செய்து கொடுக்கும் பட்டறை அது.

ஒயின் தொட்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. நம் ஊரில் பிராந்தி விற்கிற கடைக்குத்தானே ஒயின்ஷாப் என்று பேர்? அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். ஆனால் அம்மாவுக்கு அந்தச் சொல் ஒன்றுதான். பஸ் ஏற்றி விடும்போது என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. தள்ளுவண்டியில் கறுப்பாக, கொட்டையோடு வாங்கித் தின்கிறீர்களே பன்னீர் திராட்சை, அது விளைகிற மண். 2023இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. எங்களுக்கும் ரெண்டு ஏக்கர் பந்தல் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும். நான் எட்டாவது படிக்கும்போது அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழம் வெடித்துப்போய், பேசி வைத்த வியாபாரி வரவில்லை. பறிகூலிகூடத் தேறாது என்று குலை குலையாக வெட்டிப் பந்தலுக்கு அடியிலேயே போட்டார்கள். ஒரு வாரம் தோட்டம் முழுக்கப் புளித்த வாடை. அந்த வாரத்தில்தான் அப்பா கடைக்குப் போக ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் பந்தல் கைமாறியது. இப்போது அதே பந்தலுக்குக் கவாத்து வெட்டக் கூலிக்குப் போகிறார். குடியைச் சில மாதம் விடுவார், திரும்பத் தொடுவார். எனக்கும் அவருக்கும் பேச்சு "சாப்பிட்டியா", "பீஸ் கட்டியாச்சா" என்ற ரெண்டு கேள்வியோடு நின்றுவிடும்.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயிலிருந்து வரவேண்டிய பால் பண்ணைக்காரர்களுக்காக எங்கள் முதலாளி ஒரு சுற்றுலா வேனில் இடம் போட்டு வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் வரவில்லை. கட்டின பணம் வீணாகக் கூடாதே, "நாம செய்யுற தொட்டி என்ன வேலை பார்க்குதுன்னு பையன் பார்த்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "போயிட்டு வாடா மாப்ள. அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாத" என்றார்.

வேனில் பன்னிரண்டு பேர். மும்பை ஆபீஸ்காரர்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். வழிகாட்டி ஒரு மராட்டிப் பெண், எனக்கு அக்கா வயது இருக்கும். இங்கிலீஷும் ஹிந்தியும் மாற்றி மாற்றிப் பேசினார். எனக்குத் தெரிந்த ஹிந்தியோ "உட்டாவ், ரக்கோ, ஜல்தி கரோ" என்கிற பட்டறை ஹிந்தி.

காலையில் முதல் நிறுத்தம் மிசல். முளைகட்டிய பயறைக் கறுப்பு மசாலாக் குழம்பில் போட்டு, மேலே மிக்சர், வெங்காயம் தூவி, பன்னோடு தருகிறார்கள். அந்தக் கடையில் விறகடுப்புச் சமையல். தொட்டுக்கொள்ளத் தயிர், கூடவே ஒரு ஜிலேபி. குழம்புக்குப் பக்கத்தில் ஜிலேபியா என்று சிரித்தேன். நாலு வாய் தின்றதும் அது ஏன் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. "ருசி பார்க்கப் போற நாள்ல இவ்வளவு காரம் கூடாது, நாக்கு மரத்துரும். ஆனா நாசிக் வந்தவங்களுக்கு மிசல் வாங்கித் தராம அனுப்பினா எனக்குத்தான் பாவம்" என்றார் வழிகாட்டி அக்கா.

அடுத்தது தோட்டம். நாசிக் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 600 மீட்டர். பகலில் வெயில், குளிர்காலத்து ராத்திரியில் நல்ல குளிர். திராட்சைக்கு அது பிடிக்கும். சாப்பிடுகிற திராட்சை அங்கே ரொம்ப காலமாக இருக்கிறது. ஒயின் கதை பெரிதானது பிறகுதான். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்து, ஆரக்கிள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சமந்த் என்பவர் 1999இல் சுலா கம்பெனியை ஆரம்பித்தார். 2000இல் முதல் ஒயின் வெளியே வந்தது. அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒயின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

எங்கள் ஊர்ப்பக்கம் கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி இழுத்துப் பந்தல் போடுவோம். உள்ளே போனால் மார்கழி மாதிரி இருட்டாக இருக்கும். இங்கே கொடியை வேலி மாதிரி வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பழம் சின்னச் சின்னதாக, தோல் தடித்து, கொட்டையோடு இருந்தது. வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து, ஆனால் ஒரே ஒரு அறுப்பு. "எங்க ஊர்ல வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடக்கும்" என்று நான் சொன்னதை அந்த அக்கா நம்பினாரா என்று தெரியவில்லை.

தோட்டத்து ஓரத்தில் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. வெள்ளைக் குல்லா போட்ட ஒரு பெரியவர் தன் நிலத்துப் பழத்தைக் கொண்டுவந்து காத்திருந்தார். ஒரு பையன் நாலைந்து பழத்தைப் பிழிந்து, கையடக்கமான ஒரு குழாயின் கண்ணாடி மேல் சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ரிஃப்ராக்டோமீட்டர். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டுகிற கருவி. கேட்டதும் என்னிடமும் கொடுத்தான். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு 22இல் நின்றது. 22 பிரிக்ஸ். அந்தப் பெரியவரும் வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், டிராக்டரை உள்ளே விட்டார். நடவுக்கு முன்பே ஒப்பந்தம், இவ்வளவு சர்க்கரை இருந்தால் இவ்வளவு விலை என்று பேசியாகிவிட்டதாம். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் பந்தலில் வியாபாரி ஒரு பழத்தை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, ஒரு விலை சொல்வான். அதுதான் எங்களுக்குத் தெரிந்த கருவி. வேனிலிருந்து ஹார்ன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

பிறகு தொட்டிகள் இருக்கும் கூடம். மூன்றாவது தொட்டியில் எங்கள் பட்டறைப் பெயர்த்தகடு! டிசம்பரில் நான் முதன்முதலாகக் கை வைத்த தொட்டி. மேன்ஹோல் விளிம்பில் மாமா ஆர்கான் வெல்டிங் அடிக்க, உள்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியது நான். ஒரு பொடிக்குழி விட்டாலும் கிருமி குடியேறும் என்று மாமா மூன்று தடவை திருப்பித் தேய்க்க வைத்தார். அதைச் சொன்னதும் அந்த அக்கா, "அப்ப நீயே விளக்கு" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். என் ஹிந்தியை நினைத்துப் பாருங்கள் நண்பர்களே! ஆனாலும் சொன்னேன். சாறு புளிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குகிறது, கூடவே சூடும் கிளம்புகிறது. வெள்ளை ஒயின் சூடானால் வாசனை கெட்டுவிடும். அதனால் தொட்டியைச் சுற்றி இன்னொரு தகட்டுச் சட்டை போட்டு அதற்குள் குளிர்ந்த கிளைகால் ஓட விடுகிறார்கள். மானி 14 டிகிரி காட்டியது. சிவப்பு ஒயினுக்கு இவ்வளவு குளிர் வேண்டாம், அது தோலோடு சேர்ந்தே புளிக்கும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும், சோதிக்காமல் உள்ளே இறங்கினால் உயிர் போகும். எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் சிவப்புத் தொட்டியின் மேல்மூடியைத் திறந்தார்கள். அடித்த வாடையில் எனக்கு அடிவயிறு பிசைந்தது. எட்டாவது படிக்கும்போது எங்கள் பந்தலுக்கு அடியில் ஒரு வாரம் அடித்த அதே புளித்த வாடை. தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே வந்து, கொஞ்ச நேரம் டிராக்டர் பக்கத்தில் நின்றேன். இங்கே அது காசு. எங்களுக்கு அது போன காசு.

மத்தியானச் சாப்பாடு பாக்ரி, பிட்லா. நம் சோளரொட்டியும் கடலைமாவுக் குழம்பும் போலத்தான். நன்றாக இருந்தது, அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ருசி பார்க்கும் மேஜையில் ஆளுக்கு ஐந்து கண்ணாடிக் கோப்பைகள், நடுவில் ஒரு வாளி. அக்கா ஒவ்வொருவரிடமும் வயது கேட்டு வந்தார். அங்கே சட்டப்படி இருபத்தொன்று ஆக வேண்டும். எனக்குப் பத்தொன்பது. அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மகாராஷ்டிர அரசாங்கமே காப்பாற்றிக் கொடுத்தது! என் முன்னால் திராட்சைச் சாறு வைத்தார்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அக்கா, "குடிக்கத்தான் தடை, மோந்து பார்க்கத் தடை இல்லை. இது மூக்கு ஊர்" என்றார். சூர்ப்பனகையின் மூக்கை லட்சுமணன் அறுத்த இடம், நாசிகை என்பதால் நாசிக் என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும், வயிற்றில் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். நிறம் பார், சுழற்று, மூக்கை உள்ளே விடு, பிறகு ஒரு வாய், நாக்கு முழுக்கப் புரட்டு, பிறகு துப்பு. அதற்குத்தான் வாளி. "துப்புறது மரியாதைக் குறைவு இல்லை. இதே தொழிலா இருக்கிறவங்க எல்லாரும் துப்பத்தான் செய்வாங்க." என்ன வாசனை என்று கேட்டார். சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். ஒருவர் ஆப்பிள் என்றார், ஒருவர் நல்லா இருக்கு என்றார். எனக்கு வேறொன்று பட்டது, சொல்ல வெட்கம். கடைசியில் "ஷிம்லா மிர்ச்" என்றேன். குடைமிளகாய். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "சரி. அந்தத் திராட்சையில குடைமிளகாய்ல இருக்கிற அதே வகை வாசனைப் பொருள் உண்டு" என்றார். அடுத்தது ஷிராஸ், சிவப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பத்துக்காரனுக்குக் குமுளி மிளகு தெரியாதா? "காலி மிர்ச்" என்றேன். அதுவும் சரி. செமஸ்டரில்கூட எனக்கு அடுத்தடுத்து ரெண்டு சரியானதில்லை!

அப்பா குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. உடனே ஊறுகாய். அதில் என்ன வாசனை என்று அவரை யாரும் கேட்டதில்லை. வாசனை தெரியக் கூடாது என்பதற்காகத்தானே மூச்சைப் பிடிப்பது.

இதை எழுதிவிட்டு மற்றதை மறைப்பது நியாயமில்லை. ருசி பார்த்து முடிந்தபோது எட்டிப் பார்த்தேன், அந்த வாளி காய்ந்து கிடந்தது. ஒருத்தரும் துப்பவில்லை. சாயங்காலம் கங்காபூர் அணையில் சூரியன் மறைவதைப் பார்க்க நிறுத்தினார்கள், ஆபீஸ் கூட்டத்தில் பாதிப் பேர் வேனை விட்டு இறங்கவில்லை. திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நல்ல மனிதர், மத்தியானம் எனக்குக் கை தட்டியவர். அவர் சட்டையில் குடைமிளகாயும் இல்லை, மிளகும் இல்லை. அப்பா சட்டையில் அடிக்கும் அதே வாடைதான். மெதுவாக அவர் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார், அப்பா எடுத்தார். "சாப்பிட்டியா" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் இருந்ததால், திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பந்தலா, கம்பி வேலியா?"

"வேலிப்பா."

"கவாத்து எந்த மாசம்?"

சொன்னேன். எத்தனை கண் விட்டு வெட்டுகிறார்கள் என்றார், எனக்குத் தெரியவில்லை. இதுகூடப் பார்க்காம என்னடா பார்த்த என்று ஏசினார். அவர் என்னை ஏசியே ரொம்ப நாள் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"குடிச்சியா?"

"இல்லப்பா. மோந்து மட்டும் பார்த்தேன்."

"என்ன வாடை?"

"ஒண்ணு குடைமிளகாய். ஒண்ணு குமுளி மிளகு."

அப்பா சிரித்த மாதிரி இருந்தது. லைன் சரியில்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்புறம்தான் அந்த டிராக்டர் பெரியவரையும் ரிஃப்ராக்டோமீட்டரையும் சொன்னேன். அதை ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். கோடு எங்கே நின்றது, எத்தனை பழம் பிழிந்தார்கள், குலையின் மேல்பழமா அடிப்பழமா என்றெல்லாம் கேட்டார். கதவு திறக்கிற சத்தமும், யாருகிட்ட இவ்வளவு நேரம் பேச்சு என்று அம்மா கேட்பதும் காதில் விழுந்தன.

"இருடி" என்றார் அப்பா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம், "அந்தக் கண்ணாடிக் குழாய் என்ன வெல இருக்கும்னு மாமாகிட்ட கேட்டு வையி" என்றார்.